ஒன்பது மணிக் கோடு

இப்போதெல்லாம் யாரிடம் எதைச் சொன்னாலும் "சரிங்" என்று தலையை ஆட்டிவிடுகிறார்கள். எதிர்த்துப் பேச ஒருத்தருக்கும் வாய் வருவதில்லை. எதிர்த்துப் பேசினால் அவன் எங்கே நிற்கிறான், நாம் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும். தலையாட்டுகிறவனிடம் என்ன தெரியும்? பேருந்தில் உட்கார இடம் கேட்டால் அழகாகச் சிரிக்கிறான், எழுந்திருக்க மாட்டான். மாத்திரை எதற்கு என்று கேட்டால் டாக்டரும் சிரிக்கிறார், சொல்ல மாட்டார். இதை நான் கிழவனின் எரிச்சலில் சொல்லவில்லை. நூற்று நாற்பது பேர் நாலு மாதம் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தக் கதைதான் இது.

என் பெயர் மருதாசலம். படிப்பு ஐந்தாவதோடு சரி. முப்பத்தொரு வருடம் மைக் செட் வைத்திருந்தேன். பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியின் தையல் ஹாலில் நான் வேலைக்குச் சேர்ந்தது களைப்புச் சட்டம் வந்த பிறகு. அதற்கு முன்னால் தைக்கிற பெண்கள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. அதனால் சட்டம் போட்டார்கள்: தைக்கிறவர் களைத்தால் மெஷினின் வேகம் தானாகக் குறைய வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். திரையில் "களைப்பு இல்லை" என்று பச்சை எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு பெண் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஹால் மொத்தமும் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டது. "உள்ளே என்ன நடக்குதுன்னு எங்க கண்ணுக்குத் தெரியோணும்" என்றார்கள். கடைசியில் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. கம்ப்யூட்டர் கூடாது. கம்பி, கையால் திருகுகிற நாப், வோல்ட் மட்டும். யாரும் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அப்படி வந்ததுதான் அந்தப் பெட்டி. பாட்டு உண்டாக்குகிற பெட்டி. ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டகம், அதில் வரிசையாகத் தகடுகள், தகடு முழுக்க ஓட்டைகளும் நாப்புகளும். ஒரு ஓட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி சொருகினால் வோல்ட் போகும். போகிற வோல்ட்டுக்கு ஏற்றபடி சுருதி மாறும், தாளம் மாறும். ஹால் முழுக்க அந்தத் தாளம் கேட்கும். மெஷின்களின் மோட்டாரும் அதே தாளத்தோடு கட்டியிருக்கும். தாளம் எவ்வளவோ அவ்வளவுதான் ஓடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது.

அதைப் பார்த்துக்கொள்ள ஹால் தேர்ந்தெடுக்கிற ஆள் வேண்டும், கம்பெனி ஆள் கூடாது என்றார்கள். தையல் வரிசையின் தொழிலாளர் பிரதிநிதி தேவராசு என் பெயரைச் சொன்னான். எனக்கு இருபது வருடப் பழக்கம். பத்து வயது இளையவன்.

"மருதாசலம் அண்ணன் யாரையும் நம்பாத மனுசன். அவர்கிட்ட சாவி இருந்தா நாம நம்பலாம்" என்று அவன் சொன்னதும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

பெட்டி வந்த அன்று சாந்தாமணி என்கிற பெண் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்துப்பட்டி தைக்கிறவள். பெட்டியோடு வந்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குப் புரியறாப்பல சொல்லுங்ணா. என்ற கையில இந்தப் பட்டையக் கட்டிப்புட்டா என்ன ஆகும்?"

"உன் நாடி, வேர்வை, கைநடுக்கம் எல்லாத்தையும் பாத்து வோல்ட்டா மாத்தும். தெம்பா இருந்தா சைபர். செத்துப்போற மாதிரி இருந்தா பத்து."

"நூத்தி நாப்பது பேருக்கும் கட்டுனா யாரோடது பெட்டிக்குப் போகும்?"

"யாரு அதிகமாக் களைச்சிருக்காங்களோ அவங்களோடது மட்டும். இந்தத் தகடு எல்லாத்தையும் வாங்கி, பெருசு எதுவோ அதை விடும்."

அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியதே ஹால் ஜனங்கள்தான். சராசரி போட்டால் முடியாதவளின் களைப்பு மற்றவர்களின் தெம்பில் காணாமல் போய்விடும் என்றார்கள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப அதை நேராத் தாளத்துல சொருகிற வேண்டியதுதானுங்களே?"

"சொருகினா கெட்டுது போ. தாளத் தகடு மைனஸ் அஞ்சுல இருந்து பிளஸ் அஞ்சு வரைக்கும்தான் கேக்கும். சைபர்ல சாதாரண வேகம். பிளஸ்ல ஏறும், மைனஸ்ல எறங்கும். உன் பட்டை குடுக்கறது சைபர்ல இருந்து பத்து. அப்படியே விட்டா பாதியிலேயே முட்டிக்கும். அதோட நீ களைக்கக் களைக்க ஓட்டம் ஏறும்."

"அய்யோ."

"அதுக்குத்தான் இந்த நாப். மேல பன்னெண்டு மணிப் பக்கம் பாத்தா சைபர், ஒண்ணும் போகாது. வலதுபக்கம் திருப்பினா வர்றது வந்தபடி, கொஞ்சங் கொஞ்சமா கூடும். இடதுபக்கம் திருப்பினா அதே அளவு, ஆனா தலைகீழ். ஒன்பது மணிப் பக்கம் வெச்சா பத்து பாதியாகும், பிளஸ் மைனஸ் ஆகும். நீ பத்துல கெடந்தா தாளத்துக்கு மைனஸ் அஞ்சு போகும். மெஷின் நத்தையாயிரும்."

அந்த நாப்புக்குப் படித்தவர்கள் அட்டனுவெர்ட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வாயில் நுழையாது. நான் திருப்பி என்றே சொல்வேன்.

"யாராச்சும் அதை வலதுபக்கம் திருப்பிட்டா?"

நான் சிரித்துவிட்டு அவளிடமே நகப்பூச்சு கேட்டேன். மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாப்பைச் சரியான இடத்தில் வைத்ததும் நாப்பிலிருந்து தகடுவரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுவோம். எவன் தொட்டாலும் கோடு உடைந்துவிடும். கோடு போட்ட நாப்பை இன்னொரு மைக் செட்காரன் தொட மாட்டான். போட்டவனும் மறுபடி சோதிக்க மாட்டான். கோடு நேராக இருந்தால் விஷயம் முடிந்தது. ஒன்பது மணிப் பக்கம் சிவப்பாக ஒரு கோடு போட்டேன். கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"இது என் கையெழுத்து. கம்ப்யூட்டர் பொய் சொல்லும். கம்பி சொல்லாது" என்றேன். நூற்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள்.

எட்டு மாதம் நன்றாகப் போனது. மதியத்துக்கு மேல் தாளம் தளரும், மெஷின்களின் இரைச்சல் குறையும். அதன் பிறகு நாலு மாதமாக மதியத்திலும் தாளம் சுறுசுறுப்பாகவே இருந்தது. ஜனங்களுக்கு வேலை பழகிவிட்டது, களைப்பில்லை என்று நினைத்தேன். வெளியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். தினமும் காலையில் கண்ணாடி வழியாகக் கோட்டைப் பார்ப்பேன். நேராக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குத் தாளம் தறிகெட்டு ஏறியது. நான் எழுந்து பார்ப்பதற்குள் சாந்தாமணி முன்னால் சரிந்தாள். கை ஊசிக்குக் கீழே போய்விட்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நாலு தையல் விழுந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவள் சுவிட்சை அணைத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடத்தில் மற்றவர்கள் திரும்ப உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள்.

சாவியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனேன். கண்ணாடியைத் திறந்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் மீட்டரை எடுத்து வைத்தேன். உள்ளே வருவது ஏழு புள்ளி ஆறு. வெளியே போவது மூன்று புள்ளி எட்டு. மைனஸ் இல்லை. மறுபடி வைத்தேன். பிளஸ்தான்.

நாப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தினால் நாப்பின் குல்லா தனியாகக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் தண்டை வலதுபக்கம் மூன்று மணிக்குத் திருப்பிவிட்டு, குல்லாவை மட்டும் பழையபடி ஒன்பது மணிக்கு மாட்டி, கோட்டின் மேல் அதே பூச்சை ஒரு தடவை தடவிவிட்டால் உடைந்த இடமே தெரியாது. திருகாணித் தலையில் புதுக் கீறல் இருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது கம்பெனிதான். மாடிக்குப் போனேன். மேனேஜர் நிரஞ்சன், என் மகன் வயதுகூட இருக்காது.

"யாரு தொட்டது சொல்லு."

"ஐயா, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. அதைத் தொட்டா ஜெயில். நாங்க ஏன் தொடறோம்?" என்றான். "ஹால்ல நாலரைக்கே டார்கெட் முடியுது. பழகிட்டாங்கன்னு நெனச்சோம். அடுத்த மாசத்துல இருந்து ஐநூறு உருப்படி கூட்டச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு." வெள்ளிக்கிழமை களைப்புச் சட்ட ஆய்வாளர் வரப்போவதாகவும் சொன்னான். அவன் முகம் வெளுத்திருந்தது. நான் நம்பவில்லை.

கீழே வந்தேன். திருப்பியை அப்படியே விட்டிருந்தேன், சாட்சி வேண்டுமே. ஹாலின் நடுவில் கட்டிங் மேஜை மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் நிறுத்துங்க! உங்களை ஏமாத்திட்டானுக! நாலு மாசமா உங்க களைப்பையே சாட்டையாக்கி உங்களை அடிச்சிருக்கானுக. அந்தப் பொண்ணு கையைப் பாத்தீங்கல்ல? எந்திரிங்க. முன்ன உக்காந்த மாதிரி எல்லாரும் வெளிய வந்து உக்காருங்க!"

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. தைப்பதை மட்டும் நிறுத்தினார்கள். தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, காது கேக்கலையா? உங்குளுக்காகத்தானே கத்திட்டிருக்கேன்!"

தாளம் ஏறியது. எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். தாளம் இன்னும் ஏறியது. என் கையிலும் ஒரு பட்டை இருந்தது, நூற்று நாற்பத்தியொன்றாவது. களைப்புக்கும் கோபத்துக்கும் அந்தப் பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. ஹாலிலேயே பெரிய வோல்ட் என்னுடையதாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் வரிசை முழுக்க. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் மேஜை மேல் நின்று அலற, என் அலறலின் வேகத்துக்கு அவர்கள் தலை குனிந்து தைத்தார்கள்.

பட்டையைப் பிய்த்து எறிந்தேன். தாளம் பொத்தென்று கீழே வந்தது.

தேவராசு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எறங்குங்ணா. கம்பெனிக்காரன் இல்லீங். நாங்கதான்."

"நாங்கன்னா?"

"எல்லாருந்தான். சாவிய நீங்க சாப்புடறப்ப கழட்டிப் பையில வெப்பீங்களே, அப்ப எடுத்தனுங். குல்லா கழல்றத நீங்கதான் ஒருக்கா எனக்குச் சொன்னீங்."

"கைநீட்டி வோட்டுப் போட்டீங்களாடா இதுக்கும்?"

"போட்டோமுங். நீங்க உங்க பேரன் காதுகுத்துக்குப் போயிருந்தப்ப." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "மெஷின் மெதுவா ஓடோணும்னு சட்டம் சொல்லுச்சு. டார்கெட்டக் குறைக்கோணும்னு சொல்லுச்சா? உருப்படி முடிஞ்சாத்தான் கேட் தொறக்கும், டிரைவர் இல்லாத வேன் கெளம்பும். உங்க கோட்டுப்படி ஓட்டுனா ராத்திரி எட்டு மணி ஆச்சுங்ணா. இப்ப நாலரை."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா ஒத்துக்குவீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பெட்டிக்குப் போய்க் குல்லாவைக் கழற்றி, தண்டைப் பன்னிரண்டு மணிக்கு வைத்தேன். சைபர். யாருடைய களைப்பும் யாருக்கும் போகாது. தாளம் உணர்ச்சியில்லாமல் ஒரே மாதிரி அடித்தது. கண்ணாடியைப் பூட்டினேன்.

"சாந்தாமணியப் போய்க் கேளுங்" என்றான் தேவராசு. "அது தப்புன்னு சொல்லுச்சுன்னா நீங்க சொல்றபடி கேக்கறோம்."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாந்தாமணி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"படு, படு. விரல் மடங்குமா?"

"நடுவெரலு மடங்காதுன்னாங்க. போகுதுங்ணா." சிரித்தாள். "பெட்டிய என்ன பண்ணுனீங்?"

"சைபர்ல வெச்சுப் பூட்டிட்டேன். நீயும் கை தூக்குனியா?"

"மொதக் கை என்றதுதானுங்." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "என்ற பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து எட்டு மணி வரைக்கும் பூட்டுன ஊட்டுக்கு முன்னால நிக்குமுங். எதுத்த ஊட்டுக்காரன் ஆளு செரியில்ல. நாலு மாசமா நான் போயிக் கதவத் தொறக்கறனுங்ணா."

"அடுத்த மாசம் ஐநூறு கூட்டறானுக. மறுபடி ஆறு ஆகும், எட்டு ஆகும். அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"இந்த மாசத்துல இன்னும் ஆறு நாள் இருக்குதுங்களே."

"நேத்து அப்படி ஒரேயடியா ஏறுச்சே, உனக்கு உடம்புக்கு என்ன?"

"நேத்து என்ற முறைங்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பெரிய வோல்ட்டு ஒருத்தரோடது போனாப் போதுமில்லீங்களா? எல்லாரும் எதுக்குச் சாகோணும்னு முறை வெச்சுக்கிட்டோம். தினம் ஒருத்தர். முறைக்காரங்க காலைல சாப்புடாம வரோணும், மத்தியானம் மாடிப்படி இருவது தடவ ஏறி எறங்கோணும். பட்டை ஏறிக்கும். மாசமா இருக்கற ரெண்டு பேர விட்டுட்டோம். சக்கரை இருக்கறவங்களையும் விட்டாச்சு. எனக்குக் காய்ச்சலுங், சொல்லாம வந்துட்டேன். அது என்ற தப்புத்தான்."

அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு நியாயமாக அவர்கள் அதைப் பங்கிட்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வாரப் பட்டியலில் யார் யாருக்கு என்ன கிழமை என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள். சட்டென்று நிறுத்தினாள்.

"சொல்லு. வியாழக்கிழமை யாரு?"

"வேண்டாமுங்ணா."

"சொல்லும்மா."

"அது எப்பவும் நீங்கதானுங்."

"நானா? நான் பட்டினி கெடந்தேனா, படி ஏறுனேனா?"

"உங்குளுக்கு அது முடியாதுங்களே. ஆனா உங்க பட்டை சட்டுனு ஏறும்னு தேவராசண்ணன் சொல்லுச்சுங். கோவம் வந்தா ஒரே வார்த்தைல எட்டு வோல்ட்டு. அதுதான் வியாழக்கிழமை சாப்புடறப்ப அந்தண்ணன் உங்ககிட்ட..." அவள் என் முகத்தைப் பார்க்காமல் முடித்தாள். "அன்னிக்கு மட்டும் நாங்க எல்லாரும் வயிறாரச் சாப்புடுவோமுங்ணா. உங்களை நெனச்சுக்குவோம்."

என் மனைவி இறந்த அன்று நான் காங்கயம் பக்கம் ஒரு திருவிழாவில் மைக் செட் போட்டிருந்தேன். அவளுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆள் வந்து சொன்ன பிறகும் சாமி புறப்பாடு முடியட்டும் என்று இரண்டு மணி நேரம் இருந்துவிட்டேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தேவராசு ஒருத்தனைத் தவிர. கொஞ்ச நாளாக அவன் சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னிக்கு நீங்க ஒடனே கெளம்பியிருந்தா அக்கா பொழச்சிருக்கும், இல்லீங்ணா?" என்று கேட்பான். நான் எரிந்து விழுவேன். சோற்றுத் தூக்குப்போசியைத் தள்ளிவிட்டுப் போவேன். மத்தியானம் முழுக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறுநாள் அவனே வந்து சமாதானம் பேசுவான். துக்கத்தில் கேட்கிறான், அவனுக்கும் அவள் அக்காள் மாதிரிதானே என்று மன்னித்துக்கொண்டிருந்தேன். கிழமை பார்த்ததில்லை.

"நாங்க கெட்டது நெனச்சுப் பண்ணலீங்ணா" என்றாள் சாந்தாமணி. "வெள்ளிக்கெழமை ஆய்வாளர் வர்றாருங்ளாமா. பழையபடி குல்லாவ மாட்டி, உங்க கோட்ட மட்டும் போட்டு வெச்சிருங். உங்க கோடு இருந்தா ஒருத்தரும் மீட்டர் வெக்க மாட்டாங்க."

"மீட்டரை நான் அவர் கையிலயே குடுப்பேன். நடந்தது நடந்தபடி சொல்லிருவேன்."

"ஹால மூடிருவாங்கண்ணா!"

"தெரியும்."

"நூத்தி நாப்பது பேருங்ணா."

"எண்ணத் தெரியும்மா எனக்கு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொண்டுபோயிருந்த சாத்துக்குடியை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் தேவராசு நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் டீ. ஒன்றை நீட்டினான். நான் வாங்கவில்லை.

"சொல்லிருச்சுங்களா?"

"எல்லாத்தையும்."

அவன் டீயைப் பார்த்தான். "உங்குளுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல பேசுனதில்லீங்ணா."

"அளந்துதான் பேசியிருக்கே."

"அண்ணா, உங்குளுக்கு அந்தப் பெட்டிதான் நியாயம். கம்பி பொய் சொல்லாது, செரி. மெதுவா ஓட்டி எட்டு மணிக்கு உட்டா அது பொய்யில்லையா? சாந்தாமணி பொண்ணு ரோட்டுல நிக்குமே, அதுக்கு எந்த நாப்ப எந்தப்பக்கம் திருப்புவீங்? சொல்லுங்."

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. பதில் தெரியவில்லை என்பதற்காக நான் ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிடாது. நேராக வந்து, "அண்ணா, எங்களால முடியல, திருப்பி வையுங்க" என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னோடு சண்டை போட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ. அதற்குப் பதிலாக என் செத்தவளை எடுத்து மெஷினில் சொருகிவிட்டார்கள். அதை எந்தப்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

"வெள்ளிக்கெழமை வரைக்கும் யோசிங்ணா" என்றான்.

"யோசிச்சாச்சு. மீட்டர் ஆய்வாளர் கைக்குத்தான் போகும்" என்று சொல்லி, மீட்டர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவன் கொஞ்ச தூரம் கூடவே வந்தான். வேன், ஸ்கூல், அந்த எதிர்வீட்டுக்காரன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். சொன்னது எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். நான் திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோதும் அவன் அந்தப்பக்கம் இரண்டு கையிலும் டீயோடு நின்று ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தான். வண்டி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வந்த முதல் பேருந்தில், எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டேன்.